போகிமான் பேட்டில் அகாடமி: ஆறு வயது மகளோடும் இரண்டு வயது மகனோடும் ஓராண்டு

முப்பத்தேழாம் எண் கார்டு அரிசி அண்டாவில் கிடந்தது. சாயங்காலம் அத்தை உலைக்கு அரிசி அளந்தபோது படியோடு சேர்ந்து மேலே வந்தது. "அம்மிணி, உன்ற சீட்டு ஒண்ணு இங்க கெடக்குது பாரு" என்று நீட்டினார். அன்று காலையில்தான் சின்னவன் மூன்று கட்டுகளையும் திண்ணையில் கவிழ்த்துவிட்டு, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றியிருந்தான். 180 கார்டு. பெரியவளும் நானும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினோம். சாரிசார்ட் சீட்டுக்கட்டில் 36-க்கு அடுத்து 38 வந்தது. அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். "அம்மா, முப்பத்தேழு காணோம்."

போகிமான் பேட்டில் அகாடமி என்ற இந்தக் கார்டு ஆட்டப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். ஒவ்வொரு கார்டின் முகத்திலும் அது எந்தக் கட்டைச் சேர்ந்தது என்று ஒரு சின்ன முத்திரையும், 1 முதல் 60 வரை ஓர் எண்ணும் அச்சிட்டிருக்கிறார்கள். முதல் ஆட்டத்தைப் பழக்குவதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் தவழ்கிற, தத்துகிற, எதையும் எடுத்து எங்கேயும் போடுகிற குழந்தை உள்ள வீட்டில் அந்த எண்ணின் மதிப்பே தனி. எது தொலைந்தது என்று தெரிந்தால் தேட முடியும். என் பழைய கட்டுகளில் அந்த வசதி இல்லை. ஒரு கார்டு குறைகிறது என்று எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம், எது என்று கண்டுபிடிக்க அரை நாள் ஆகும்.

நான் பிறந்தது பொள்ளாச்சி, வாக்கப்பட்டது கேரளத்தின் பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறை. காலையில் வேலந்தாவளம் பக்கம் ஒரு தென்னைநார் மில்லில் கணக்கு எழுதுகிறேன், மதியத்துக்கு மேல் வீடு. கல்யாணத்துக்கு முன்பு நாலு வருஷம் பெங்களூரில் இருந்தேன். அங்கே அறைத்தோழி ஒருத்தி மேஜிக் தி கேதரிங் ஆடக் கற்றுக்கொடுத்தாள். 1993-ல் ரிச்சர்டு கார்ஃபீல்டு என்ற கணிதக்காரர் உருவாக்கிய ஆட்டம். இப்படிக் கார்டு சேகரித்துக் கட்டு அமைத்து ஆடுகிற ஆட்டங்களுக்கெல்லாம் மூத்தது அதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எட்டுப் பேர் வட்டமாக உட்காருவோம். ஆளுக்கு மூன்று பாக்கெட். ஒன்றைப் பிரித்து, ஒரு கார்டை எடுத்துக்கொண்டு, மீதியைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ள வேண்டும். இப்படிச் சேர்ந்ததை வைத்து நாற்பது கார்டில் ஒரு கட்டு அமைத்து ஆட வேண்டும். முடிய மூன்று நாலு மணி நேரம் ஆகும். அந்த நாலு மணி நேரம் என் தலைக்குள் வேறு எதுவுமே இருக்காது. அவ்வளவு நிம்மதி.

பெரியவள் பிறந்ததும் கட்டுகளெல்லாம் பீரோவின் மேல்தட்டுக்குப் போயின. "பிள்ளைங்க வளரட்டும், அப்புறம் ஆடிக்கலாம்" என்று எல்லாரும் சொன்னார்கள். மேஜிக் பெட்டிகளில் பதின்மூன்று வயதுக்கு மேல் என்று போட்டிருக்கும். அந்தக் கணக்குப்படி நான் இன்னும் எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும் என்று ஒரு நாள் விரல்விட்டுப் பார்த்தபோது அழுகையே வந்துவிட்டது. பால் கொடுக்கும்போது போனில் சில கார்டு ஆட்டங்களை ஆடிப் பார்த்தேன். ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், நான் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அது எனக்குப் பொறுக்கவில்லை, அழித்துவிட்டேன்.

ஷார்ஜாவில் இருக்கும் அண்ணன் ஒரு தடவை ஊருக்கு வரும்போது இந்தப் பெட்டியை வாங்கி வந்தான். 2020-ல் வெளிவந்த பதிப்பு. மருமகளுக்கு என்று சொல்லித்தான் கொடுத்தான். எனக்கும் சேர்த்துத்தான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. அவளுக்கு ஆறு வயது நிறையும்வரை பிரிக்காமல் வைத்திருந்தேன். பெட்டியிலும் ஆறு வயது என்றுதான் இருக்கிறது.

உள்ளே போகிமான் என்ற கற்பனை உயிரினங்களின் பெயரில் மூன்று கட்டுகள்: பிகாச்சு, சாரிசார்ட், மியூடூ. மின்னல், தீ, மனசக்தி என்று மூன்று வகை. ஒவ்வொன்றும் 60 கார்டு, அப்படியே எடுத்து ஆடலாம். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஆட மடக்கு அட்டைப் பலகை ஒன்று. எதை எங்கே வைப்பது என்று அதிலேயே கட்டம் போட்டிருக்கிறார்கள். அப்புறம் வழிகாட்டிப் புத்தகங்கள், ஒரு நாணயம், அடி கணக்கு வைக்கச் சின்னச் சின்ன வில்லைகள்.

முதல் ஆட்டத்தில் கட்டைக் கலைக்கவே கூடாது. எண் வரிசையில் அடுக்கிவைத்து, வழிகாட்டி சொல்கிறபடி ஒவ்வொரு அடியாக ஆட வேண்டும். இந்தக் கார்டை எடு, அதைப் பெஞ்சில் வை, இதற்கு ஓர் எனர்ஜி (அடிக்கத் தேவையான சக்திக் கார்டு) கொடு, இப்போது அடி. எனக்கு ஆட்டம் தெரியும் என்பதால் இதைத் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நல்லவேளை, தாண்டவில்லை. சொல்லிக்கொடுக்கிறவளாக நான் இருந்திருந்தால் அவள் என் முகத்தைப் பார்த்தே ஆடியிருப்பாள். புத்தகம் சொல்லிக்கொடுத்ததால் இரண்டு பேரும் மாணவர்கள் ஆனோம். நான் ஒரு வரியை விட்டுவிட்டபோது அவள் திருத்தினாள். எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள், ஆனால் எண்ணையும் படத்தையும் பார்த்துப் பிடித்துக்கொள்கிறாள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கையில் ஏழு கார்டு. ஆறு கார்டு பரிசாகக் கவிழ்த்து வைக்கப்படும். முன்னால் ஒன்று சண்டை போடும், பின்னால் பெஞ்சில் ஐந்து வரை காத்திருக்கலாம். ஒரு முறைக்கு ஓர் எனர்ஜிதான் கொடுக்கலாம். எதிராளியின் போகிமானை வீழ்த்தினால் ஒரு பரிசை எடுத்துக்கொள்ளலாம், ஜிஎக்ஸ் என்று போட்ட பெரிய கார்டை வீழ்த்தினால் இரண்டு. ஆறையும் முதலில் எடுத்தவர் ஜெயித்தார். முதலில் தொடங்குகிறவர் முதல் முறையில் அடிக்க முடியாது. அது அவளுக்கு இன்றுவரை பெரிய அநியாயமாகத்தான் படுகிறது.

ஆறு பரிசு என்பது எங்கள் வீட்டுக்கு நீளம். முழு ஆட்டம் நாற்பது நிமிஷம் இழுக்கிறது. சின்னவன் தூங்குகிற நேரத்தில் பாதி அதிலேயே போய்விடும். ஆறு வயதுப் பிள்ளையின் பொறுமையும் இருபது நிமிஷத்துக்கு மேல் நிற்காது. அதனால் மூன்று பரிசு வைத்துத்தான் ஆடுகிறோம். இந்த ஒரு மாற்றத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. பிள்ளையோடு ஆட நினைக்கிறவர்கள் முதல் நாளே இப்படித் தொடங்குங்கள்.

இன்னொரு விஷயம், தோற்றுக்கொடுப்பது. நான் தோற்றுக்கொடுப்பதில்லை. கல்நெஞ்சக்காரி என்று என் வீட்டுக்காரர் சொன்னார். ஆனால் நான் இந்தப் பெட்டியைத் திறந்ததே எனக்கும் ஓர் ஆட்டம் வேண்டும் என்பதற்காகத்தான். பொய்யாக ஆடினால் எனக்கு அது இன்னொரு வேலையாகிவிடும், பாத்திரம் கழுவுவது மாதிரி. அதற்குப் பதிலாக ஆட்டத்துக்கு முன்பே சலுகை கொடுத்துவிடுகிறேன். அவளுக்கு இரண்டு பரிசு எடுத்தால் போதும், எனக்கு நாலு. அல்லது அவள் விரும்பிய கட்டை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அதற்கப்புறம் முழு மூச்சாக ஆடுகிறேன். முதல் மூன்று வாரம் அவள் அழுதாள். நாலாவது வாரம், என் சாரிசார்டை அடிக்காமல், பெஞ்சில் இருந்த சின்ன சார்மாண்டரை முன்னுக்கு இழுத்து வீழ்த்தினாள். அது வளர்ந்து இன்னொரு சாரிசார்டு ஆகும் என்று தெரிந்தே செய்தாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த ஆட்டத்தில் நான் தோற்றேன். நிஜமாகவே தோற்றேன்.

அடி கணக்குக்குப் பெட்டியில் வரும் வில்லைகளை நான் பயன்படுத்தவில்லை. சின்னவன் வாய்க்குள் போகிற அளவு. நாணயமும் அப்படித்தான். இரண்டையும் ஒரு டப்பாவில் போட்டு மேல்தட்டில் வைத்துவிட்டேன். தலையா பூவா பார்க்கப் பெரிய பகடை ஒன்று, இரட்டை விழுந்தால் தலை. அடி கணக்குக்குச் சிலேட்டு. சிலேட்டுதான் எதிர்பாராத லாபம். சாரிசார்டு ஜிஎக்ஸின் எச்பி, அதாவது எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு, 250. எண்பது அடி விழுந்தால் மீதி எவ்வளவு? அவள் சாக்பீஸால் 250 என்று எழுதி, கீழே 80 எழுதி, நாக்கைக் கடித்துக்கொண்டு யோசிப்பாள். இந்த ஆட்டத்தில் அடி எல்லாமே பத்துப் பத்தாகத்தான் வரும் என்பதால் கடைசிப் பூஜ்ஜியத்தை விரலால் மறைத்துக்கொண்டு கழிக்கலாம் என்று அவளாகவே பிடித்தாள். இருபத்தைந்தில் எட்டு. பதினேழு. விரலை எடுத்தால் நூற்றெழுபது. அடிக்கிற வகைக்கு எதிரில் பலவீனம் இருந்தால் அடி இரட்டிப்பாகும், அப்போது கூட்டல் வேறு. டீச்சர் ஒரு நாள் கேட்டார், வீட்டில் டியூஷன் வைத்திருக்கிறீர்களா என்று.

அத்தைக்கு முதலில் பிடிக்கவில்லை. இந்த ஊரில் சீட்டு என்றால் கள்ளுக்கடைக்குப் பக்கத்தில் ஆண்கள் உட்கார்ந்து ஆடுவது. பேத்தி கையில் சீட்டுக்கட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது நியாயம்தான். நான் விளக்கம் சொல்லவில்லை, திண்ணையில் அவர் கண் முன்னாலேயே ஆடினோம். பத்து நாள் கழித்து வெங்காயம் உரித்துக்கொண்டே, "அந்த மஞ்ச எலி செத்துப்போச்சா கண்ணு?" என்று பிகாச்சுவைப் பற்றிக் கேட்டார். "சாகல அப்பத்தா, மயக்கம்" என்றாள் பேத்தி. இப்போது சின்னவன் தூக்கத்தில் சிணுங்கினால், "நீங்க ஆடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று எழுந்து போகிறார். இந்தப் பொழுதுபோக்கு எனக்குத் திரும்பிக் கிடைத்ததில் பெட்டிக்கு இருக்கிற அதே பங்கு அவருக்கும் இருக்கிறது.

எதிர்வீட்டுப் பையனும் சேர்ந்துகொள்கிறான். அவன் வீட்டில் மலையாளம். கார்டில் இருப்பதெல்லாம் ஆங்கிலம். இரண்டு பேரும் படத்தைக் காட்டித் தங்கள் பாஷையில் பேசிக்கொள்கிறார்கள். பெட்டியில் நீர் வகைக் கட்டு இல்லை, அதனால் என் ஆல்பத்திலிருந்து மேஜிகார்ப் என்ற மீன் போகிமானின் கார்டைக் காட்டினேன். "இது வெள்ளமாணோ சேச்சி?" என்று அவன் கேட்டான். "வெள்ளம் இல்ல, தண்ணி" என்றாள் இவள். தமிழில் வெள்ளம் என்றால் ஊரையே அடித்துக்கொண்டு போவது, அவன் வீட்டில் அது குடிக்கிற தண்ணீர். கடைசியில் இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள்: மேஜிகார்ப் இருக்கும்வரை தண்ணி, அது வளர்ந்து கியாரடோஸ் ஆகிவிட்டால் வெள்ளம். மேஜிகார்ப்புக்கு அவள் வைத்திருக்கும் பெயர் கெண்டை.

ஆங்கிலம் ஒரு தடைதான், மறைக்க விரும்பவில்லை. ஆட்டத்துக்கு உதவுகிற டிரெய்னர் கார்டுகளில் படம் மட்டும் போதாது, என்ன செய்ய வேண்டும் என்று வரி வரியாக எழுதியிருக்கும். பிள்ளை படிக்கும் வயது வரும்வரை பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். நான் அடிக்கடி வருகிற பத்துப் பன்னிரண்டு கார்டுகளுக்கு மட்டும் ஒரு தாளில் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன். "மூணு கார்டு எடு", "மாத்திக்கோ", "முப்பது ஆறும்". இதற்கு ஒரு ராத்திரி போதும்.

போலிக் கார்டுகளைப் பற்றிச் சொல்லியே தீர வேண்டும். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைகளில் தங்க நிறத்தில் பளபளவென்று தொங்கும், விலையும் மலிவு. மகளின் வகுப்பில் பாதிப் பேரிடம் அதுதான் இருக்கிறது. ஒரு கடையில் ஒரிஜினல் என்று சொல்லி எனக்கே ஒரு பாக்கெட் விற்றுவிட்டார்கள். வீட்டில் பிரித்ததும் தெரிந்தது. பின்பக்க நீலம் வெளுத்திருந்தது, எழுத்தில் பிழை. டார்ச் வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிந்தது. நிஜக் கார்டின் அட்டைக்கு நடுவே மெல்லிய கறுப்புப் படலம் இருக்கும், வெளிச்சம் அவ்வளவு சுலபமாக ஊடுருவாது. இந்தச் சோதனையை மகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். கூடவே, பள்ளியில் யாருடைய கார்டையும் போலி என்று சொல்லக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னேன். அந்தப் பிள்ளைகளுக்கு அது பொக்கிஷம். நாங்கள் சின்ன வயதில் மல்யுத்த வீரர்களின் ட்ரம்ப் கார்டை எந்தக் கம்பெனி என்று பார்த்தா வாங்கினோம்? உயரமும் எடையும் ரேங்க்கும் போதும், வேப்பமரத்தடியில் பொழுது போய்விடும்.

பூஸ்டர் பாக்கெட் எங்கள் வீட்டில் கிடையாது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் கிழிக்கிற அந்த நிமிஷத்தின் போதை எனக்குத் தெரியும். பெங்களூரில் சம்பளத்தில் எவ்வளவு போனது என்றும் தெரியும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த ஆசையை மூட்டிவிட்டு, அப்புறம் வேண்டாம் என்று மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்லை. இந்தப் பெட்டியில் மூன்று கட்டும் முழுசாக இருப்பதால் இன்னும் வாங்கு என்ற அரிப்பு வருவதில்லை. ஏமாந்து வாங்கிய அந்தப் போலிப் பாக்கெட்டைத் தவிர, ஓராண்டில் நாங்கள் இதற்காக வேறு எந்தக் கார்டும் வாங்கவில்லை. பிள்ளை வளர்க்கிற வீட்டுக் கணக்கில் இது பெரிய விஷயம்.

வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: புதிய கார்டுகளை மட்டும் அனுமதிக்கிற ஸ்டாண்டர்டு போட்டிகளில் இப்போது ஜிஎக்ஸ் கார்டுகளுக்கு இடமில்லை. பின்னால் புதிய பதிப்புகள் வந்திருக்கின்றன, 2022-ல் ஒன்று, 2024-ல் ஒன்று. போட்டிக்குப் போகிற எண்ணம் இருந்தால் இந்தப் பழைய பெட்டி உதவாது. திண்ணைக்கு இது போதும்.

இடவப்பாதி என்னும் ஜூன் மாத மழை தொடங்கினால் எங்கள் பக்கம் சுவரே வியர்க்கும். பளபளக்கும் கார்டுகள் எல்லாமே, எந்த ஆட்டமாக இருந்தாலும், அப்போது வளைந்துவிடும். காகிதம் ஈரத்தை உறிஞ்சும், மேலே ஒட்டியிருக்கும் பளபளப்புத் தாள் உறிஞ்சாது, அதனால் வரும் வளைவு. மருந்துப் பாட்டிலோடு வரும் சிலிக்கா பொட்டலத்தை டப்பாவில் போட்டு இறுக்கி மூடி, சின்னவன் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கிறேன். மாட்டுப்பொங்கல் சமயத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் பாருங்கள், அது வேறு தொல்லை. திண்ணையில் கார்டு நிற்காது, பறக்கும். அந்த மாதங்களில் உள்ளே கட்டிலின்மேல்தான் ஆட்டம்.

சின்னவனை எப்படிச் சமாளிக்கிறேன் என்று இரண்டு பேர் கேட்டார்கள். விரட்டினால் அவன் விடமாட்டான். அவனுக்கென்று ஒரு கட்டு செய்தேன். பீரோவில் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளை 63-க்கு 88 மில்லிமீட்டராக, நிஜக் கார்டின் அளவிலேயே வெட்டினேன். பிள்ளையார், குத்துவிளக்கு, மயில், ஒன்றில் பாதி மணமகன் பெயர். நாங்கள் ஆடும்போது அவனும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முறை வரும்போது ஒரு பிள்ளையாரைப் போடுகிறான். அப்பாரு வந்தால் அவரிடமும் ஒன்றை நீட்டுகிறான். தன் கட்டை யாரும் தொடக் கூடாது. மற்றவர்கள் கட்டை அவனும் இப்போது அவ்வளவாகத் தொடுவதில்லை.

பிள்ளைகள் இல்லாமல் நான் ஆடுவதையும் விடவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலந்தாவளம் வழியாகப் போகும் பஸ் ஏறி, கோவையில் ஒரு தோழி வீட்டுக்குப் போகிறேன். நாலு பேர் உட்கார்ந்து மேஜிக் ஆடுவோம், ஆளுக்கு நூறு கார்டுக் கட்டு. அன்றைக்குப் பிள்ளைகள் அவர்கள் அப்பாவோடு தோப்பில் இருப்பார்கள். சாயங்காலம் வந்ததும் பெரியவள் கேட்கும் முதல் கேள்வி, "ஜெயிச்சியா?" தோற்றேன் என்றால் எப்படி என்று கேட்பாள். நான் சொல்வேன், அவள் கேட்பாள். அம்மா என்றால் சோறு போடுகிறவள் மட்டும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருப்பது எனக்கு வேண்டியிருக்கிறது.

ஐந்து வயதுக்குக் கீழே மட்டும் பிள்ளை இருக்கிற வீட்டில் இந்தப் பெட்டியை இப்போது திறக்காதீர்கள். ஆறு வயதுக்கு மேல் ஒன்று இருந்தால், பக்கத்தில் உட்கார உங்களுக்கு இருபது நிமிஷம் கிடைக்கும் என்றால், தாராளமாக வாங்குங்கள். கார்டுக்குப் போடும் உறை பெட்டியோடு வராது, தனியாக வாங்க வேண்டும். அகலம் 66, உயரம் 91 மில்லிமீட்டர் என்று கேட்டு வாங்குங்கள். நூறு உறை உள்ள பாக்கெட் இரண்டு வேண்டும். 180 கார்டுக்குப் போட்டபின் இருபது மிஞ்சும். எங்கள் வீட்டில் மிஞ்சிய இருபதும் சின்னவனின் பிள்ளையார்களுக்குப் போயின.